பத்து லீக்ஸ் விதைகள்

புதன்கிழமை காலை பத்து மணிக்குள் கேத்ரின் மூன்று தடவை சுவெட்டருக்குள் கையை விட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டாள். உள்ளே, நெஞ்சோடு ஒட்டி, ஒரு சின்னப் பொட்டலம் இருந்தது. ஈரக் கைக்குட்டையை நாலாக மடித்து, நடுவில் பத்து லீக்ஸ் விதைகளை வைத்து, மேலே பொலித்தீன் சுற்றி நூலால் கட்டியிருந்தாள். கந்தப்பளைக் குளிரில் வீட்டுக்குள் வைத்தால் எந்த விதையும் முளைக்க யோசிக்கும் என்று அவளாகவே நினைத்துக்கொண்டு, உடம்புச் சூட்டில் வைத்துத் தேயிலை மலைக்குக் கொண்டுவந்திருந்தாள். அன்றைக்கு ஆறாவது நாள்.

மாதாவிடம் அவள் முதல் நாள் எட்டு கேட்டிருந்தாள். பத்தில் எட்டு முளைத்தால் போதும், அதற்குமேல் ஆசை இல்லை என்றாள். மூன்றாம் நாள் அஞ்சுக்கு இறங்கினாள். இன்று காலையில் தேத்தண்ணி ஊற்றும்போது, ஒன்றே ஒன்று, ஒன்றாவது கண் திறக்கட்டும் தாயே என்று கேட்டாள். கேட்டுவிட்டு, ஒன்று முளைத்து மட்டும் என்ன செய்யப்போகிறோம் என்று அவளுக்கே பயம் வந்தது.

"என்னா புள்ள, நெஞ்சு வலியா?" பக்கத்து நிரையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த அழகம்மா கேட்டாள். "சும்மா சும்மா கைய வச்சுப் பாக்குற."

"சளிக்கா."

"சளின்னா தைலம் போடு. தடவிப் பாத்தா போயிருமா?"

அழகம்மா அதற்குமேல் கேட்கவில்லை. அவள் அப்படிச் சட்டென்று விடுகிற ஆளும் இல்லை. கேத்ரின் பொட்டலம் தெரியாதபடி சுவெட்டரை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

விஷயம் இதுதான். ஒற்றையறைக் காம்பராக்கள் வரிசையாக ஒட்டி நிற்கிற லயத்துக்குக் கீழே ஓடைக்கரையில் பழைய தவறணை இருந்த இடம் ஒன்று உண்டு. ஒரு காலத்தில் தேயிலைக் கன்று வளர்த்த இடம், பிறகு நாலைந்து வருஷம் கேட்பாரில்லாமல் கிடந்தது. அதில் மரக்கறி போடக் கேட்டு நாலு பெண்கள் தோட்டத்து ஆபீசுக்கு நடையாய் நடந்தார்கள். கேத்ரின், அடுத்த காம்பராவில் இருக்கும் அழகம்மா, கடைசிக் காம்பரா சண்முகவடிவு, மேல் லயத்து ஏஞ்சலா. ஏஞ்சலாதான் நாலு பேரிலும் இளையவள். கடைசியில், மலையில் வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு முத்துலிங்கம் ஐயா வாயால் ஒரு வார்த்தை சொன்னார், எழுத்தில் ஒன்றும் இல்லை. "போட்டுக்கங்க. ஆனா நெலம் சும்மா கெடக்கக் கூடாது. கெடந்தா அன்னைக்கே யூகலிப்டஸ் வச்சிருவோம்."

மார்ச் மாதத்தில் நாலு பேரும் சேர்ந்து, பெரிய வெங்காயத்தாள் போல வளர்கிற லீக்ஸில் ஒரு டின் விதை வாங்கினார்கள். பாதி டின்னிலேயே நாற்றுப் பாத்தி நிறைந்துவிட்டது. முதல் போகம் நன்றாக வந்தது. ஏஞ்சலா மகளுக்கு அதில்தான் மூக்குக்கண்ணாடி வந்தது, சண்முகவடிவு வீட்டுக் கூரைக்கு இரண்டு தகரம் வந்தது. மண்ணைத் தொட்டு வளர்த்து, தங்கள் பேரில் எதையும் விற்றறியாத பெண்கள் அவர்கள். ஆயுள் முழுக்கக் கொழுந்து பறித்தவர்களுக்கு, பறித்த பிறகு அது என்ன ஆகிறது என்று தீர்மானிக்கிற உரிமை அந்த ஓடைக்கரையில்தான் முதல் தடவை கிடைத்தது.

மிச்சப் பாதி விதையை யார் வைத்திருப்பது என்ற பேச்சு அப்போதே வந்தது. லயத்துச் சுவர் மழைக்காலத்தில் வேர்க்கும். உப்பை மூடி வைத்தாலும் தண்ணியாகிவிடும். தீப்பெட்டியை அடுப்புப் பக்கத்திலேயே வைத்திருக்க வேண்டும். கேத்ரின் புருஷன் செபமாலைக்கு ஸ்டோரில் வேலை. தேயிலை ஆலையைத்தான் அங்கே எல்லாரும் ஸ்டோர் என்பார்கள். இலை காயவைக்கிற டிரையர் அவன் பொறுப்பு. "டிரையர்காரன் வீட்டுல ஈரம் எப்படி வரும்?" என்று அழகம்மா கேட்டாள், அது பெரிய நியாயம் போல எல்லாரும் தலையாட்டினார்கள். விதை கேத்ரின் வீட்டுக்கு வந்தது.

அவளும் குறை வைக்கவில்லை. பால்மா டின்னைக் கழுவிக் காயவைத்து, அடியில் துணியில் கட்டிய அடுப்புக்கரித் துண்டுகளைப் போட்டு, மேலே விதைப் பொட்டலத்தை வைத்து, மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, மாதா படத்துக்குக் கீழே வைத்தாள். ஜூனில் மழை பிடித்தது. பத்தொன்பது நாள் விடவில்லை. மனசு கேட்காமல் ஒருநாள் திறந்து பார்த்தாள். மூடியின் உள்பக்கம் பொட்டுப் பொட்டாகத் தண்ணீர். விதையைத் தொட்டால் விரலில் ஒட்டியது. வெளியே வெயில் என்று ஒன்று இருந்ததே மறந்துபோன நாட்கள் அவை. அதனால் புருஷனிடம் கொடுத்தாள்.

"ஸ்டோருல கொஞ்சம் காயவச்சுக் கொண்டாங்க."

"இருபத்திரண்டு வருஷமா எலையக் காயவைக்கிறேன். இத்துனூண்டு வெதயக் காயவைக்கத் தெரியாதா?" என்றான் செபமாலை.

மறுநாள் கொண்டுவந்தான். டிரையரிலிருந்து தேயிலை வந்து விழுகிற வாய்ப் பக்கம் ஒரு தட்டு வைத்து, அதில் சுத்தமான துணி விரித்து, அரை மணி நேரம் பரப்பி வைத்தானாம். "வாயில போட்டுக் கடிச்சுப் பாரு, நெறுக்குங்கும்" என்றான். கடித்தாள். நெறுக்கென்றுதான் இருந்தது. புதுத் தேயிலை மணம் வேறு. அவளுக்குப் புருஷனை நினைத்துப் பெருமையாக இருந்தது. டின்னை மறுபடி மூடி டேப் ஒட்டியபின் மழை முடியும்வரை நிம்மதியாகத் தூங்கினாள்.

அந்த நிம்மதி போன வியாழக்கிழமை கந்தப்பளைக் கடைத்தெருவில் முடிந்தது. மண்வெட்டிக்குப் பிடி வாங்கப் போனவள், விதையும் உரமும் விற்கிற பைஸர் கடையில் பேச்சுவாக்கில் இந்தக் கதையைப் பெருமையாகச் சொன்னாள். உரம் நிறுத்துக்கொண்டிருந்த பைஸரின் கை அப்படியே நின்றது.

"டிரையர்லயா போட்டீங்க?"

"வாய்ப் பக்கந்தான் முதலாளி. உள்ள இல்ல."

"அக்கா, நான் வெத டின்ன வெயில் படுற தட்டுலகூட வெக்கிறதில்ல. சூடு பட்டா உள்ளுக்குள்ள உசிரு போயிரும். பாத்தா ஒண்ணும் தெரியாது. அப்படியே கறுப்பாத்தான் இருக்கும்." அவன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தான். "பத்து வெதய ஈரத்துணியில சுத்தி வெச்சுப் பாருங்க. எட்டு, ஒம்பது நாளுல தெரிஞ்சிரும். பயப்படாதீங்க, தப்பிச்சும் இருக்கலாம்."

"புது டின் ஒண்ணு..."

"லீக்ஸ் எங்கயும் இல்லக்கா. நுவரெலியாவுலயும் கேட்டுட்டேன். அடுத்த மாசக் கடைசியில வரும்னாங்க. வந்தாத்தான் நெசம்."

பஸ்ஸில் திரும்பி வரும்போது, ஏன் நமக்கு இது தோன்றவில்லை என்று அவள் நினைத்து நினைத்து மாய்ந்தாள். பதினெட்டு வயதிலிருந்து அவள் பறித்ததெல்லாம் உயிருள்ள இலை. டிரையரில் அந்த உயிரைப் போக்கினால்தான் தேயிலை கெடாமல் இருக்கும். நெறுக்கென்று முறிந்தால் நல்ல சரக்கு, வளைந்தால் கெட்ட சரக்கு. புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் காயவைப்பது என்றால் அந்த ஒரு விதம்தான் தெரியும். விதை காய வேண்டும், ஆனால் சாகக் கூடாது என்பது இரண்டு பேருக்கும் தெரியாமலே போய்விட்டது.

வீட்டுக்கு வந்து சொன்னதும் செபமாலை முதலில் சண்டைக்கு வந்தான். கடைக்காரனுக்கு என்ன தெரியும், அவன் புது டின் விற்கப் பார்க்கிறான் என்றான். கடையில் டின்னே இல்லை என்று அவள் சொன்னதும் அடங்கினான். சோற்றைப் பிசைந்து பிசைந்து அப்படியே வைத்துவிட்டான்.

"யாருகிட்டயும் சொல்லாத" என்றான் பிறகு. "வாற வாரம் சனிக்கிழம நாத்துப் போடுறப்ப பேசாம வெதச்சிரு. மொளைக்காட்டி டின்னு சரியில்லன்னு போயிரும். யாரு கேக்கப் போறா?"

"நெலம் போயிருமே."

"சொன்னா மட்டும் இருக்குமா?"

மறுநாள் வெள்ளிக்கிழமை காலை பத்து விதையைத் துணியில் சுற்றிக்கொண்டாள். ஒரு மனசு சொல்லிவிடு என்றது, இன்னொரு மனசு ஒன்பது நாள் பொறு, முளைத்துவிட்டால் சொல்லவே தேவையில்லையே என்றது. பொறுக்கச் சொல்லுகிற மனசுக்கு எப்போதும் வாய் அதிகம்.

அப்படித்தான் இந்த வாரம் ஓடிக்கொண்டிருந்தது. புதன் கழிந்து வியாழக்கிழமை, கொழுந்து நிறுக்கிற இடத்தில் கண்டாக்கு ஐயா அவளையும் ஏஞ்சலாவையும் பார்த்துக் கேட்டார்.

"சனிக்கிழம நாத்துப் போடுறீங்கதானே? மாசக் கடைசியில பெரிய தொர வாறாரு. அங்க பச்ச தெரியணும். தெரியாட்டி என்னால ஒண்ணும் பேச முடியாது, சொல்லிட்டேன்."

"தெரியுங்கய்யா, நல்லாத் தெரியும்" என்றாள் ஏஞ்சலா சிரித்துக்கொண்டே. "வெத கேத்ரின் அக்காகிட்ட பத்திரமா இருக்கு."

கேத்ரினும் சிரித்தாள். சிரிக்கும்போது பொட்டலம் நெஞ்சில் குளிர்ந்தது.

வெள்ளிக்கிழமை பின்னேரம், வேலை விட்டதும் நேரே வீட்டுக்குப் பின்னால் போய், தண்ணி விழுகிற பீலிப் பக்கம் நின்று பொட்டலத்தைப் பிரித்தாள். எட்டாம் நாள். ஒரு விதையின் ஓரத்தில் வெள்ளையாக, மெல்லிசாக ஏதோ நீட்டிக்கொண்டிருந்தது. ஸ்தோத்திரம் என்று வாய்விட்டே சொன்னாள். முகத்தருகே கொண்டுபோய்ப் பார்த்தாள், நகத்தால் மெதுவாகத் தொட்டாள். அது கையோடு வந்தது. கைக்குட்டை ஓரத்து நூல்.

அங்கேயே குந்தி உட்கார்ந்து அழுதாள். பைஸர் சொன்னதில் இன்னும் ஒருநாள் பாக்கி இருந்தது. அதனால் கண்ணைத் துடைத்து, துணியை நனைத்து, மறுபடியும் சுற்றி உள்ளே வைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை அரை நாள் வேலை. ஒரு மணிக்கெல்லாம் மற்ற மூவரும் ஓடைக்கரைக்கு வந்துவிட்டார்கள். பாத்திகள் தயாராக இருந்தன. சண்முகவடிவு மண்ணைச் சலித்து, சாம்பல் தூவி, குழந்தைக்குப் படுக்கை போடுகிற மாதிரி தடவித் தடவி வைத்திருந்தாள். கேத்ரின் பால்மா டின்னுடன் இறங்கி வந்தாள். வருகிற வழியில், ஒரு பெரிய மரத்துக்குப் பின்னால் நின்று கடைசி முறையாகப் பிரித்துப் பார்த்திருந்தாள். பத்து விதையும் பத்து விதையாகவே இருந்தன.

"குடுக்கா" என்று ஏஞ்சலா டின்னுக்குக் கை நீட்டினாள்.

கொடுத்துவிடலாம். கொடுத்தால் பதினைந்து நாள் கிடைக்கும். பதினைந்து நாள் கழித்துச் சண்முகவடிவு வெறும் மண்ணைப் பார்த்து நிற்கிற நிற்பு அவள் கண்முன் வந்தது. தினம் தண்ணீர் ஊற்றுவாளே இந்தப் பைத்தியம் என்று நினைத்தாள். அந்த நினைப்பைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"இது மொளைக்காது" என்றாள் கேத்ரின்.

சொல்ல ஆரம்பித்ததும் எல்லாவற்றையும் சொன்னாள். மழை, ஈரம், டிரையர், பைஸர், ஒன்பது நாள். கடைசியில் கைக்குட்டையை விரித்துக் காட்டினாள். யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அவளுக்குப் பட்டது. சண்முகவடிவு பாத்தி ஓரத்தில் மெதுவாக உட்கார்ந்தாள்.

"அப்ப யூகலிப்டஸ்தான்" என்றாள்.

ஏஞ்சலா காலால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தாள். பிறகு, "அக்கா, கோவிச்சுக்காதீங்க" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு விறுவிறுவென்று மேல் லயத்துக்கு ஏறிப் போனாள். திரும்பி வரும்போது கையில் ஜெப மணிமாலை வைக்கிற சின்ன டப்பா இருந்தது. திறந்தாள். மணி இல்லை, உள்ளே லீக்ஸ் விதை.

"அன்னைக்கு மிச்ச வெதயக் கட்டயில ஒரு கை எடுத்து வச்சிட்டேன்" என்றாள், யார் முகத்தையும் பார்க்காமல். "சும்மா, ஒரு பயத்துக்கு."

சண்முகவடிவு எழுந்தாள். அவளும் வீட்டுக்குப் போய், ஒரு மஞ்சள்தூள் போத்தலோடு வந்தாள். சாமிப் படத்துக்குப் பின்னால் இருந்ததாம். அழகம்மா எங்கும் போகவில்லை. இடுப்பில் சொருகியிருந்த மருந்துக் குப்பியை எடுத்தாள். அவள் தயாராகவே வந்திருந்தாள்.

"இது மொளைக்கும்" என்றாள் அழகம்மா. "போன சனிக்கிழமயே பத்து போட்டுப் பாத்தேன், அடுப்புப் பக்கத்துல வச்சு. இன்னைக்குக் காலையில மூணு கண்ணு தொறந்திருச்சு. இன்னும் வரும்."

"என் வெதயப் பத்தி ஒங்களுக்கு எப்படிக்கா தெரியும்?" என்றாள் கேத்ரின்.

"நீதான் நாளெல்லாம் நெஞ்சத் தடவிக்கிட்டு இருந்தியே. ஒரு தடவ பொட்டலம் வெளிய தெரிஞ்சிச்சு. வெதக்காரி ஈரத்துணியத் தூக்கிக்கிட்டு அலைஞ்சா என்னான்னு தெரியாதா எனக்கு?"

மூன்றையும் ஒரு பத்திரிகைத் தாளில் கொட்டினார்கள். கேத்ரின் தன் டின்னிலிருந்ததைப் பக்கத்தில் இன்னொரு தாளில் கொட்டினாள். நாலு பேரும் பார்த்தார்கள். மூன்று பேரும் ஒளித்து வைத்தது பெரிய குவியலாக இருந்தது. நம்பிக் கொடுத்தது சின்னது.

கேத்ரினுக்கு முதலில் உயிர் வந்தது. நிலம் போகாது, பச்சை தெரியும், பெரிய துரை வரட்டும். பிறகுதான் அந்த இரண்டு குவியலையும் மறுபடி பார்த்தாள். பால்மா டின், கரித்துண்டு, டேப், மாதா படம், ஒன்பது நாள். இவ்வளவும் யாருக்காக என்று கேட்கத் தோன்றியது.

"அப்ப என்கிட்ட குடுத்தது?" என்றாள்.

"ஒன்னய நம்பாம இல்ல புள்ள" என்றாள் அழகம்மா. "எல்லாத்தையும் ஒரே எடத்துல வைக்க மனசு வரல்ல. லயத்துல இருக்கிறவ யாரு அப்படி வைப்பா?"

"நாலு பேருல நான் மட்டுந்தான் ஒண்ணும் எடுத்து வைக்கல்ல."

"அது ஓங் கொற."

கேத்ரினுக்குக் கோபம் சுருக்கென்று ஏறியது. "நான் சொல்லாம வெதச்சிருந்தா என்னா செஞ்சிருப்பீங்க? குப்பிய இடுப்புல வச்சுக்கிட்டுப் பாத்துக்கிட்டு இருந்திருப்பீங்களா?"

"ஆமா" என்றாள் அழகம்மா. அதைச் சொல்ல அவள் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "எம் வெதய எங் காம்பராவுக்குப் பின்னால போட்டிருப்பேன். நெலம் போனாப் போகட்டும்னு இருந்திருப்பேன். பொய் சொல்றவளோட ஒரே பாத்தியில கைய வைக்கிறதவிட அது மேல்."

அவ்வளவுதான் பேச்சு. பாத்தியில் விரலால் கோடு இழுத்து விதைத்தார்கள். கேத்ரின் இழுத்த கோடு மட்டும் கோணலாகப் போனது. ஏஞ்சலா அதைப் பார்த்தாள், சரிபண்ண வரவில்லை. மண் மூடி, காய்ந்த மானாப் புல்லைப் பரப்பி, ஓடைத் தண்ணீர் தெளித்து முடிக்கும்போது மணி மூன்றரை. பத்திரிகைத் தாளில் இந்தத் தடவையும் விதை மிஞ்சியிருந்தது.

"கேத்ரினே வச்சுக்கட்டும்" என்றாள் சண்முகவடிவு. மற்ற இருவரும் தலையாட்டினார்கள். அழகம்மாவும்தான்.

கேத்ரின் செத்த விதைகளை ஓடையில் உதறிவிட்டு வந்து, காலி டின்னைத் தாளுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"எடுக்குறவங்க மொதல்ல எடுத்துக்கங்க" என்றாள். "என் கண்ணு முன்னால எடுங்க."

ஏஞ்சலாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வெட்கப்பட்டுக்கொண்டே ஒரு கை எடுத்து மணி டப்பாவில் போட்டாள். சண்முகவடிவு மஞ்சள் போத்தலை நீட்டினாள். அழகம்மா வெட்கமெல்லாம் படவில்லை, குப்பியைத் தட்டித் தட்டி நிறைத்தாள். மிச்சத்தை டின்னில் கொட்டும் முன் கேத்ரின் தானும் ஒரு சிட்டிகை எடுத்தாள். யோசித்துவிட்டு இன்னும் ஒரு சிட்டிகை எடுத்தாள். சேலை முந்தானையில் இறுக்கி முடிந்துகொண்டாள்.

வீட்டு வாசலில், இஸ்தோப்பில் செபமாலை நின்றுகொண்டிருந்தான். கேட்கவும் பயம், கேட்காமல் இருக்கவும் முடியாமல் அவள் கையையே பார்த்தான்.

"வெதச்சாச்சு. மொளைக்கும்" என்றாள் கேத்ரின்.

அவன் பெருமூச்சு விட்டு, "அந்த டின்னத் தா, நான் பத்திரமா வைக்கிறேன்" என்று கை நீட்டினான். அவள் டின்னை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு உள்ளே போனாள். முந்தானை முடிச்சைப் பற்றி அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை.